கஸ்தூரியின் பீர் டின்கள்

ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. கமலநாதன் ஒரு கையால் கூரை விளிம்பைப் பற்றிக்கொண்டு, மறு கையால் கத்தரிக்கோலை எட்டி நீட்டினார். டின்னை மழைநீர்க் குழாயோடு சேர்த்து இறுக்கியிருந்த பிளாஸ்டிக் கட்டு லேசில் அறுபடவில்லை. நெரித்து நெரித்து ஒருவழியாக அறுந்தபோது டின் அவர் கையில் நிற்காமல் கீழே விழுந்து, சிமெந்துத் தரையில் உருண்டு, காரின் சக்கரத்தில் முட்டி நின்றது. அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மனைவி கஸ்தூரியின் உடலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்கள். கூடாரம் போடுகிறவர்கள் அதற்கும் முன்னால் வந்துவிடுவார்கள். அவர்கள் வருவதற்குள் வீட்டைச் சுற்றிக் கட்டியிருந்த டின்களையெல்லாம் இறக்கிவிட வேண்டும் என்று, சமையலறையில் அவள் சுருண்டு விழுந்த நேரத்திலிருந்து கண்ணை மூடாதவர், ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

எல்லாம் பீர் டின்கள். மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தாலும் வெயிலில் அது உரிந்து, உள்ளே இருக்கும் பச்சையும் தங்க நிறமும் எட்டிப் பார்த்தன. வெளிவாசல் தூணில் ஒன்று, துணி காயப்போடும் கம்பியில் ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு. எல்லாவற்றையும் கறுப்புக் குப்பைப் பையில் போட்டார். பை வாய் மூடவில்லை. டின்களை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகச் செருப்புக்காலால் மிதித்தார். ஒன்று மிதிபட்டதும் மூடி கழன்று, உள்ளேயிருந்து வளைந்த தாள் ஒன்று நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்காமலே உள்ளே தள்ளினார். பையை இறுக்கி முடிச்சுப் போட்டு, வெளியே சாலையோரம் இருந்த குப்பைத் தோங்குத் தொட்டியில் கொண்டுபோய் அமுக்கிவிட்டு வந்தார்.

கஸ்தூரிக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஊரடங்குக் காலத்தில். அதுவரை கைபேசியில் அவள் சமையலைத் தவிர வேறெதையும் பார்த்ததாக அவருக்கு ஞாபகமில்லை. ஒருநாள் காலி மைலோ டின்னின் உட்புறம் முழுக்கக் கறுப்புச் சாயம் அடித்து, பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போட்டு, கேமரா செய்திருப்பதாகச் சொன்னாள். லென்ஸ் கிடையாது, அமுக்குவதற்குப் பொத்தான் கிடையாது. ஊசித்துளை வழியாக வருகிற வெளிச்சமே எதிரே சொருகிய தாளில் படமாகப் படிந்துவிடுமாம். குளியலறையில் சிவப்பு பல்பு மாட்டி, மருந்துத் தண்ணீரில் தாளை அலசி, கொடியில் தொங்கிய அவருடைய கைலியையே அவள் படமாகக் கொண்டுவந்து நீட்டியபோது அவருக்கும் சிரிப்பு வந்தது. மைலோ டின்னோடு நின்றிருந்தால் அவருக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

பிறகுதான் மாதக்கணக்கில் எடுக்கிற படங்களுக்கு ஆசைப்பட்டாள். சூரியன் போகிற திசையைப் பார்த்து டின்னை அசையாமல் கட்டிவிட வேண்டும். மாதங்கள் கழித்துத் திறந்தால் ஒவ்வொரு நாளும் சூரியன் போன வழி தாளில் கோடுகோடாக விழுந்திருக்கும். மருந்தில் கழுவக்கூட வேண்டியதில்லை. மைலோ டின் மழைக்குத் துருப்பிடித்தது. துருவும் ஏறாமல், தாளுக்கும் அளவாக, ஊசி குத்தினால் உடனே இடம் கொடுப்பதாக, உயரமான பீர் டின்தான் தோதாக அமைந்தது. பஜாரில் ஆ ஹோக்கின் கோப்பிக்கடைக்குப் பின்பக்கமாகப் போய் அவள் டின் எடுத்து வருவதை யார் யாரோ பார்த்தார்கள்.

"ஒருத்தன் கேக்கறான், வீட்ல ரெண்டு பேரும் சேந்து அடிக்கிறீங்களான்னு," என்று கத்தினார் கமலநாதன். அவர் அம்மன் கோயிலின் செயலாளர்.

"இல்லைன்னு சொல்லுங்க. சோடா டின்னு குட்டையா இருக்குங்க. தாளு மடங்கிப்போவுது," என்றாள் அவள்.

முதலில் எடுத்த சூரியப் படத்தை அவள் அவரிடம்தான் காட்டினாள். செம்மண் நிறத் தாளில், எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே, வெள்ளைக் கோடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நேராக மேலே ஏறின. மழை பெய்த நாட்களில் கோடு அறுந்திருந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஹால்ல மாட்டாத. வர்றவங்க எப்படி எடுத்தன்னு கேப்பாங்க," என்றார். அவள் மாட்டவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் லோஷினிக்குப் படம்பிடித்து அனுப்பினாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை. அதன் பிறகு தாள் வாங்கி அனுப்புகிற பொறுப்பை லோஷினி ஏற்றுக்கொண்டாள்.

கோயில் வேலியில் ஒரு டின் அகப்பட்டது சில வாரங்களுக்கு முன்பு. கோபுரத்தைப் பார்த்தபடி வேலிக் கம்பத்தில் கட்டியிருந்தது. காவலுக்கு இருக்கும் வேலுதான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். நிர்வாகக் கூட்டத்தின் நடுவே மேசைமேல் அதை வைத்ததும் தலைவர் அய்யாவுவின் முகம் சிவந்துவிட்டது. "அம்மன் சன்னதிக்குப் பின்னாடி குடிச்சிட்டு டின்ன வேற கட்டி வெச்சிட்டுப் போயிருக்கான் பாருங்க. எவன்னு தெரிஞ்சா கால உடைக்கணும்." டேப்பின் நுனி, வீட்டில் கட்டியிருந்த டின்களில் இருப்பதுபோலவே, பிரிக்க வசதியாகச் சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது. கமலநாதன் அந்த மடிப்பைப் பார்த்தார். பிறகு, "எவனோ குடிகாரப் பய, தலைவரே. வேலு, தூக்கிப் போட்டுடு," என்றார்.

வீட்டில் அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கஸ்தூரி கோயிலுக்குப் போனாள். பிரகாரம் சுற்றுகிற சாக்கில் வேலிப்பக்கம் போய்விட்டுத் திரும்பினாள். அன்று இரவு அவருக்குத் தோசை சுட்டுப் போட்டாள். நான்காவது தோசையைத் தட்டில் போட்டபடி, "சட்னி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். "போதும்," என்றார். அதற்குப் பிறகு டின்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவளிடமிருந்து வரவில்லை.

*

கூடாரம் போட்டு முடிப்பதற்குள் லோஷினி வந்துவிட்டாள். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி, விடிய விடிய வாடகைக் காரில் வந்திருந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். வண்டியில் கஸ்தூரி வந்தாள். பக்கத்து வீட்டுச் செல்லமும் மற்றப் பெண்களும் அவளுக்கு மஞ்சள் பூசி, பெரிய குங்குமம் வைத்து, சிவப்புப் பட்டு உடுத்தி, ஹாலில் கிடத்தினார்கள். பூவும் பொட்டுமாகப் போகிறாள், புண்ணியவதி என்று செல்லம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போன லோஷினி சிறிது நேரம் கழித்து வந்து அவர் தோளைத் தொட்டாள்.

"அப்பா, குழாய்ல கட்டியிருந்த டின்னு எங்க?"

"எந்த டின்னு?"

"தைப்பூசத்துக்கு நான் வந்திருந்தப்ப அம்மாவும் நானும் கட்டினது. ஏணியில நான்தான் ஏறினேன். தீபாவளிக்கு வரும்போது சேந்து திறக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. அது மட்டும் இல்ல, ஒரு டின்னயும் காணோம்."

"டெங்கி செக் பண்ண ஆளுங்க வந்தாங்கம்மா," என்றார் கமலநாதன். இந்தப் பொய் எங்கே தயாராக இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. "தண்ணி தேங்குதுன்னு எல்லாத்தயும் பிடுங்கிட்டாங்க. இல்லாட்டி பைன் போடுவேன்னான்."

"எப்ப?"

"போன வாரம்."

லோஷினி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

வாய்க்கரிசி போடுகிற நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. திருமுறை பாடிக்கொண்டிருந்தவர்களின் குரலையும் மீறி, தாமான் குடியிருப்பின் முனையில் குப்பை லோரி உறுமியது. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று, தோங்கைத் தூக்கிக் கவிழ்த்து, மறுபடி உறுமி நகர்ந்தது. கமலநாதன் சட்டையில்லாமல், கையில் அரிசியோடு வரிசையின் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார். வாசல் நாலு எட்டில் இருந்தது. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெண்சாதியைப் பறிகொடுத்தவன் வெளியே போய் அழுதுவிட்டு வருகிறான் என்று விட்டிருப்பார்கள். ஆனால் குப்பைத் தோங்குக்குள் கையை விட்டு, ஊரே பார்க்க, பீர் டின் பையை எப்படி வெளியே எடுப்பது?

லோரி வீட்டு வாசலுக்கு வந்தது. தோங் இரும்பில் மோதுகிற சத்தம். பிறகு ஏதோ நொறுங்குகிற சத்தம்.

"போடுங்க, அண்ணே," என்றாள் செல்லம்.

அவர் குனிந்து கஸ்தூரியின் வாயில் அரிசியைப் போட்டார். பாதி அரிசி வழுக்கிக் கன்னத்தில் விழுந்தது.

*

ஆ ஹோக் வந்தபோது பிணத்தை எடுப்பதற்கு இன்னும் நேரமிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கஸ்தூரியின் காலடியில் நின்று மூன்று முறை தலை குனிந்தார். திரும்பி வந்து, வாசலில் வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பையை எடுத்துக் கமலநாதனிடம் இரண்டு கையாலும் நீட்டினார். பைக்குள் டின்கள் கலகலவென்று உருண்டன.

"இனி அக்கா பூஞ்யா," என்றார். இது அக்காவுடையது. பிறகு மலாயிலேயே மெதுவாகச் சொன்னார்: அக்கா உயரமான டின்னாக, ஒடுக்கு விழாததாகக் கேட்பார்கள். தினமும் எடுத்துக் கழுவி ஓரமாக வைத்துவிடுவேன். இந்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். என் கடையில் இது இருந்து என்ன செய்ய?

கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசை நாற்காலியிலிருந்து அய்யாவு எழுந்து வந்து பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க செயலாளரே இது? சாவு வீட்ல பீர் டின்னு?"

ஆ ஹோக் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். உள்ளே தலைமாட்டில் லோஷினி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அது வந்து, தலைவரே… பழைய டின்னு சேத்து இரும்புக்கடையில போடுவா. கோயில் திருப்பணிக்கு. வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டா."

அய்யாவு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் கண்கள் நிறைந்தன.

"நாங்கூட என்னென்னமோ காதுல விழுந்து தப்பா நெனச்சிட்டேனே," என்றார். சிறிது நேரம் கழித்து, பாடை தயாராக இருக்கும்போது, யாரும் கேட்காமலே அவர் கூடாரத்தின் நடுவில் போய் நின்றார். "ஒரு ரெண்டு வார்த்தை," என்று ஆரம்பித்தார். இந்த வீட்டம்மா குடிகாரர்கள் வீசியெறிந்த டின்னைக் கௌரவம் பார்க்காமல் பொறுக்கிச் சேர்த்து அம்மனுக்குக் கொடுத்ததை, அதை ஊருக்குச் சொல்லாமல் மறைத்ததை, குரல் தழுதழுக்கச் சொன்னார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பின்வரிசையில் யாரோ, "நம்ம வீட்லயும் கெடக்குது, குடுத்திருக்கலாம்," என்றார்கள்.

கமலநாதன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். துக்கத்தில் நிற்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். லோஷினி அவரைப் பார்க்கிறாளா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மின்சுடலையில் பொத்தானை அமுக்க வேண்டியவர் அவர்தான் என்று காட்டினார்கள். பச்சைப் பொத்தான். அமுக்கினார். இரும்புக் கதவு இறங்கியது. பக்கத்தில் நின்ற லோஷினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடிக்காமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

*

குளித்துவிட்டு, கஸ்தூரியைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றியாயிற்று. வந்தவர்கள் சாப்பிட்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. கழுவிவிட்ட வாசலில் கமலநாதன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டில் டின்கள் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மாலை நடைக்குப் போகிறவர்கள் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் லோஷினி எழுந்து போய், "தேங்க்ஸ் அங்கிள்," "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்று வாங்கிவைத்தாள். ஒருத்தரிடமும் வேறெதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது பையை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது அவர் வாயைத் திறந்தார்.

"லோஷினி. டெங்கி ஆளுங்க வரல."

"தெரியும்ப்பா." அவள் படியில் உட்கார்ந்தாள். "நேத்து காலையில அம்மா வீடியோ கால்ல காட்டினாங்க. குழாய்லதான் இருந்துச்சி."

அவள் சாலையைப் பார்த்தபடி கேட்டாள்:

"எங்க போட்டீங்க?"

"தோங்குல."

"மிதிச்சீங்களா?"

"ம்."

"நசுங்கினாலும் ஒண்ணும் ஆவாதுப்பா. தாளு கிழியாம இருந்தா போதும். கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாக்கூட பரவால்ல, படம் இருக்கும். எடுத்துக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவள் எழுந்து சாலையோரம் நிற்கும் தோங்கை நோக்கி இரண்டு அடி வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"காலையில லோரி வந்துச்சே," என்றாள்.

"ம்."

"நாமெல்லாம் இங்கதான இருந்தோம்."

"ம்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. பிறகு அவரைக் கடந்து உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறக்கிற சத்தமும், பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகிற சத்தமும் கேட்டன. ஒரு கேவல் சத்தம் கேட்டது போலவும் இருந்தது.

அய்யாவுவின் கார் வந்து நின்றது. அவர் இறங்கி, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பின் இருக்கையிலிருந்து ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தார். நாளிதழால் நன்றாகச் சுற்றியிருந்தது.

"வீட்ல பையன் குடிக்கறதுதான். என்னா செய்யறது," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நல்ல காரியத்துக்குப் போவட்டும். உங்க வீட்டம்மா பேர்லயே கோயில்ல ஒரு கூண்டு வெச்சிடலாம், செயலாளரே. யார் வேணும்னாலும் வந்து டின்னு போடறாப்ல. அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

கமலநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தலைவரே, அவ கோயிலுக்காகச் சேக்கல."

"என்னா?"

"படம் எடுக்கத்தான் சேத்தா. ஊசில ஒரு தொளை போட்டு, உள்ள தாளு வெச்சி, சூரியனப் படம் எடுப்பா. கோயில் வேலியில கட்டியிருந்தது எந்தக் குடிகாரனும் இல்ல. அவதான். கோபுரத்த எடுக்க ஆசப்பட்டிருக்கா. மேசமேல வேலு வெச்சப்பவே எனக்குத் தெரியும்."

அய்யாவு கையில் பையோடு நின்றார்.

"தெரிஞ்சிதான் தூக்கிப் போடச் சொன்னீங்களா?"

"ஆமா."

"அப்ப இன்னைக்கு அத்தன பேர் முன்னாடி நான் பேசினது?"

"நான் சொன்ன பொய்யி. எனக்கு வெக்கமா இருந்துச்சி, தலைவரே. அவ பீர் டின்னு வெச்சிருந்தது வெக்கமா இருந்துச்சி."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. அய்யாவு நாளிதழ் சுற்றிய பையைப் பார்த்தார். கமலநாதனைப் பார்த்தார். பையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமில்லை. அதனால்தான் அப்படிப் போனாரா, வேறு காரணமா என்று தெரியவில்லை.

தரையில் வைத்த பை சரிந்து, நாளிதழ் நனைந்து, மிச்சமிருந்த பீர் கழுவிய சிமெந்தில் கோடாக ஓடியது. புளித்த வாடை எழுந்தது. கமலநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பையையும், ஓரமாக இருந்த மற்றப் பைகளையும் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். குந்தி உட்கார்ந்தார். சாலையில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். நடைக்குப் போய்த் திரும்புகிற எதிர்வீட்டுக்காரர்கள் இவரைப் பார்த்ததும் நடையைக் குறைத்தார்கள்.

அவர் குழாயைத் திறந்தார். டின்களில் உயரமானதாக, ஒடுக்கு விழாததாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, உள்ளே தண்ணீரைப் பிடித்து, குலுக்கிக் கவிழ்த்தார். பிறகு இன்னொன்று. உள்ளேயிருந்து வந்த லோஷினி வாசற்படியில் ஈரக் கையோடு நின்றாள். மஞ்சளாக நுரைத்த தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து, சாலையோர லோங்காங் சாக்கடையில் சொட்டுச் சொட்டாக இறங்கியது.